நீலக் குல்லாயும் பச்சை வெளிச்சமும்

விளக்கை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் ஒளிர்ந்துகொண்டே இருக்கும் கண்ணாடியைப் பற்றி நான் ஆறு வருடம் ஆராய்ச்சி செய்தேன். ராயபுரத்தில் இதை யாரிடமும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடிந்ததில்லை. 'கண்ணாடி' என்றதும் ஜன்னலுக்கு அளவெடுக்க எப்போது வருவாய் என்பார்கள். 'ஒளி' என்றதும் தெருவிளக்கு எரியாததைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா ஒருவர் மட்டும் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ கரண்ட் பில்லு கம்மியாவுமா?" என்றார். ஆகாது என்றேன். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. என் வாய்மொழித் தேர்வுக்கு வந்த பேராசிரியர்களில் ஒருவர்கூட இவ்வளவு நேராக ஒரு கேள்வி கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆராய்ச்சி என்றால் பயப்பட ஒன்றுமில்லை. பெயர் சொன்னாலே வாய் சுளுக்கிக்கொள்ளும் சில உலோகத் தூள்களைச் சிட்டிகை சிட்டிகையாகக் கலந்து, உலையில் உருக்கி ஊற்றி, ஆறவைத்து, பில்லையாக வெட்டி, விளக்கின் கீழே காட்ட வேண்டும். பிறகு இருட்டறையில் உட்கார்ந்து அது எவ்வளவு நேரம் ஒளிர்கிறது என்று பார்க்க வேண்டும். வெளிச்சம் படும்போது உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் துள்ளிப்போய்ச் சின்னச் சின்னக் குழிகளில் விழுந்துவிடும். விளக்கை அணைத்த பிறகு, சுற்றிலும் இருக்கிற சூட்டைப் பிடித்துக்கொண்டு ரேஷன் கடை வரிசை நகர்வதுபோல ஒவ்வொன்றாக மேலே ஏறி வரும். வரும்போது பச்சையாக ஒளிரும். குழியில் விழுந்தது மட்டும்தான் வெளியே வரும், வெளிச்சம் பட்டது மட்டும்தான் குழியில் விழும். என் ஆய்வேட்டின் சாரம் இவ்வளவுதான். மீதிப் பக்கங்களில் இருப்பவை வரைபடங்களும் நன்றியுரையும்.

பட்டம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியதைச் சொல்ல ஆரம்பித்தால் அது தனிப் புலம்பலாகிவிடும். கடைசியில் திருவொற்றியூரில் ஒரு அண்ணாச்சி என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார். தெற்கேயிருந்து வந்து பெயிண்ட் கடை வைத்தவர். பெயிண்டிலிருந்து போர்டு எழுதும் தொழிலுக்குப் போய், அங்கிருந்து இருட்டில் ஒளிரும் பட்டைகளுக்கு வந்து சேர்ந்திருந்தார். கப்பல்களிலும் தொழிற்சாலைகளிலும் மின்சாரம் போனால் வெளியேறும் வழியைக் காட்டத் தரையோரமாகப் பட்டை ஒட்டியிருப்பார்கள், கதவுக்கு மேலே ஓடுகிற ஆள் படம் போட்ட பலகை மாட்டியிருப்பார்கள். அவைதான் எங்கள் சரக்கு. தூள் மூட்டையில் வரும், நாங்கள் பிசினில் குழைத்துத் தகடாக்கி வெட்டுவோம். என் பதவியின் பெயர் தொழில்நுட்ப அதிகாரி. அண்ணாச்சி வாடிக்கையாளரிடம் வாய்க்கு வந்ததைச் சொல்லும்போது பக்கத்தில் நின்று தலையாட்டுவது என் பணி. "பகல் பூரா வெயிலத் தின்னுட்டு ராத்திரி பூரா ஏப்பம் விடும்" என்பார். நான் தலையாட்டுவேன். முதல் கால் மணி நேரம்தான் நன்றாக ஒளிரும், அதன்பிறகு மங்கி மங்கி, இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு மட்டும் தெரியும் என்று என் ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். நாலாம் அத்தியாயத்தை யாரும் கேட்கவில்லை.

எங்கள் தெருவில் இந்த வேலைக்கு ஒரே பெயர், ரேடியம். பைக்கின் நம்பர் பிளேட்டில் பளபளக்கிற ஸ்டிக்கரிலிருந்து லாரிக்குப் பின்னால் ஒட்டும் சிவப்புப் பட்டைவரை இங்கே எல்லாமே ரேடியம்தான். அவற்றில் ரேடியம் இல்லை, எங்கள் பட்டையிலும் இல்லை என்று ஆரம்பத்தில் வீடு வீடாகப் போய் வாதாடியிருக்கிறேன். அது ஊரறிந்த வீண் வேலையானது. அவ்வளவு படித்த பெண் ரேடியம் கடையில் வேலை பார்க்கிறாளே என்று கொஞ்ச நாள் வருத்தப்பட்டுவிட்டு எல்லோரும் சமாதானமாகிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் உண்மையான ரேடியம் ஒன்று இருந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பாவுக்கு எந்தக் காலத்திலோ ஒரு கப்பல்காரர் கொடுத்த பழைய கைக்கடிகாரம். அதன் எண்கள் வெளிச்சமே படாமல், பெட்டிக்குள் போட்டு மூடினாலும் தானாக ஒளிரும். வருடம் போகப்போக மங்கி, ஒருநாள் முழுக்க அணைந்துவிட்டது. எரிஞ்சு எரிஞ்சு தீந்து பூட்சி என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவார். இந்தக் கடிகாரத்தை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. என் அண்ணி நினைத்திருக்கிறாள்.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. அண்ணன் விசைப்படகில் போகிறவர், பாதி நாள் கடலில் இருப்பார். வீட்டை ஆள்வது அண்ணிதான். அவள் ஆட்சியில் எந்தப் பொருளும் தன் உறையைக் கழற்றியதில்லை. டிவி ரிமோட் பாலிதீன் பையில் இருக்கும். பிரிட்ஜ் கைப்பிடிக்குத் துண்டு கட்டியிருக்கும். நாற்காலி மெத்தைகள் கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக்கோடு பத்து வருடமாக நம் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கேட்டால், "பிரிச்சா கலீஜாயிடும்" என்பாள். இதில் சிரிக்க எனக்கு உரிமை இல்லை. என் ஆய்வேட்டின் பிரதியும் அவள் போட்ட பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கிறது, அதனால்தான் இன்றும் புதிதாக இருக்கிறது.

அண்ணி எண்ணூர் சாலையில் ஒரு இறால் கம்பெனியில் வேலை செய்தாள். ஜன்னலே இல்லாத பெரிய கூடம், நீளமான எஃகு மேசைகள், ஐஸ் தண்ணீரில் மிதக்கும் இறால், அதை உரிக்க வெள்ளைக் குல்லாய் போட்ட நாற்பது பெண்கள். வருடக்கணக்கில் ஐஸில் கை வைத்து அண்ணியின் விரல் நுனிகள் வெளுத்துப் போயின, பிறகு மரத்துப் போயின, பிறகு பிளந்தன. இனி ஐஸில் கை வைத்தால் விரல்கள் உனக்கு உதவாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் கம்பெனி அவளுக்கு நீலக் குல்லாய் கொடுத்தது. நீலக் குல்லாய் என்றால் வரிசைக்குத் தலைவி. நடந்து மேற்பார்வை பார்த்தால் போதும், கை காய்ந்திருக்கலாம். அந்தக் குல்லாயை அவள் தினமும் துவைத்து மாதா படத்துக்குப் பக்கத்தில் காயப்போடுவாள். மற்றவர்களுக்கு அது ஒரு துணி, அவளுக்கு அது பத்து விரல்.

அந்தக் கம்பெனிக்கு வெளிநாட்டுக் கொள்முதல்காரர்களிடமிருந்து ஒரு நிபந்தனை வந்தது. கூடத்தில் மின்சாரம் போனால் வழி காட்ட ஒளிரும் பட்டைகள் இருக்க வேண்டும். அண்ணி எங்கள் நிறுவனத்தைச் சொல்லிவிட்டாள். அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. பட்டைகளையும் பலகைகளையும் வெட்டி ஒட்டி முடித்தோம். கூடவே கொடுக்க வேண்டிய துண்டுத்தாளை நான் எழுதினேன். மூன்றாவது வரி இப்படி இருந்தது: 'இவற்றின்மீது எப்போதும் விளக்கு வெளிச்சம் படவேண்டும், எதைக் கொண்டும் மூடக் கூடாது.' அண்ணாச்சி படித்துவிட்டு அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார்.

"ஏம்மா, வெளிச்சம் வேணும்னு எழுதினா வாங்குதவன் என்ன நினைப்பான்? வெளிச்சம் இருந்தா இது எனக்கு எதுக்குன்னு கேக்க மாட்டானா?"

வியாபாரத்தில் அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது. நேரில் பயிற்சி கொடுக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் கையெழுத்துப் போட்டேன்.

பயிற்சியும் நடந்தது. கம்பெனியின் உணவறையில், ஷிப்ட் முடிந்து குளிரில் கால் விறைத்துப்போன நாற்பது பெண்களை உட்காரவைத்து, நான் திரையில் படம் போட்டு நாற்பது நிமிடம் பேசினேன். எனக்கு அதற்கு முன்னால் அவ்வளவு பெரிய கூட்டம் கிடைத்ததில்லை. ஆய்வை வாசிக்கப் போன கருத்தரங்குகளில் ஏழு பேர் இருப்பார்கள், அதில் நான்கு பேர் அடுத்து வாசிக்கக் காத்திருப்பவர்கள். இங்கே நாற்பது பேர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். எலக்ட்ரான், குழி, குழியின் ஆழம், சூடு, குளிரான கூடத்தில் ஒளி ஏன் கொஞ்சம் மங்கலாக இருக்கும் என்று எதையும் விடவில்லை. ஆறு வருடம் யாரும் கேட்காததையெல்லாம் அவர்கள் தலையில் கொட்டினேன். கடைசியில் கேள்வி உண்டா என்று கேட்டேன். ஒரு பெண் மட்டும் எழுந்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது, போகலாமா என்று கேட்டாள். முன்வரிசையில் நீலக் குல்லாயோடு உட்கார்ந்திருந்த அண்ணி முதலில் கை தட்டினாள். வீட்டில் என்னை 'பாப்பா' என்பவள், அன்றைக்கு எல்லோர் முன்னாலும் 'மேடம்' என்று கூப்பிட்டாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்த நாற்பது நிமிடத்தில் மூன்றாவது வரியை நான் சொல்லவே இல்லை. மறந்துபோனேன் என்று சொல்வது நாகரிகமான பேச்சு. என் கூட்டத்தை நானே ரசித்துக்கொண்டிருந்ததில் அது வாயில் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். கூடத்தை ஒரு நாளைக்குப் பலமுறை குளோரின் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார்கள். இறால் தண்ணீர் வேறு தெறிக்கும். புத்தம் புதுப் பட்டைகள் பாழாவதை அண்ணியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதைவிட இன்னொரு கவலையும் அவளுக்கு இருந்தது. மாமனாரின் கடிகாரம் எரிந்து எரிந்து தீர்ந்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். பீரோவில் வைக்கிற பாச்சை உருண்டை திறந்து கிடந்தால் கரைந்துபோகும் என்பதும் தெரியும். இருட்டில் உதவ வேண்டிய சரக்கைப் பகலெல்லாம் சும்மா திறந்து வைத்தால் அவசரத்துக்கு என்ன மிஞ்சும்? குப்பைக்கு வாங்கிய கறுப்புப் பைகளைப் பிரித்து, அளவாக வெட்டி, ஒவ்வொரு பட்டைக்கும் பலகைக்கும் சுருக்கமில்லாமல் உறை போட்டு, ஓரத்தில் டேப் ஒட்டிவிட்டாள். கறுப்புதான் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்திருக்கிறாள். வெளிச்சம் உள்ளே போகவும் கூடாது, வெளியே வரவும் கூடாது.

தவறு என்று பார்த்தால் தவறுதான். ஆனால் யோசித்துச் செய்த தவறு. கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி யோசிக்காமலே அதற்கு ஒப்புதல் கொடுத்தார். கொடுத்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. 'பயன்பாட்டில் இல்லாத நேரங்களில் ஒளிர்வுத்திறனைச் சேமிப்பது தொடர்பாக' என்று ஒரு சுற்றறிக்கை போட்டு, மற்ற கூடங்களுக்கும் அதே உறையைப் போடச் சொன்னார். பாதுகாப்பு வாரத்தில் சிறந்த பராமரிப்புக்கென்று அண்ணிக்கு ஒரு ஹாட் பாக்ஸ் பரிசு கொடுத்தார்கள். அவள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அட்டைப்பெட்டி பிரிக்காமல் பரணில் வைத்தாள். எதற்குக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "சாமான நல்லா வெச்சிக்கினதுக்கு" என்றாள். எந்தச் சாமான் என்று இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். கைபேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொள்முதல்காரர்கள் அனுப்பும் ஆய்வாளர் கூடத்தைச் சோதிக்க வரும் நாள் வந்தது. வெள்ளைக்காரர் வருவார் என்று மேலாளர் பூங்கொத்தும் மிளகாய் போடாத சாப்பாடும் ஏற்பாடு செய்திருந்தார். வந்தவர் கொச்சியைச் சேர்ந்த, காட்டன் புடவை கட்டிய ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. பூங்கொத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டார். அவர் கையில் ஒரு நீளமான பட்டியல் இருந்தது. காலை பதினொரு மணிக்குக் கூடத்துக்கு வந்தார். தொழில்நுட்ப அதிகாரி என்ற முறையில் நானும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். அப்போதுதான் சுவரெல்லாம் கறுப்பு உறைகளைப் பார்த்தேன். ஒவ்வொரு பலகைக்குப் பக்கத்திலும் ஒரு பெண் உறையின் நுனியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். பாதுகாப்பு அதிகாரியின் ஏற்பாடு அது. விளக்குகள் அணைந்த அடுத்த நொடி எல்லோரும் ஒன்றாக உறையை உருவ வேண்டும், கூடம் முழுவதும் பளீரென்று ஒளிர வேண்டும். அடிக்கல் நாட்டு விழாவில் திரை விலக்குவதுபோல என்று அவரே எனக்கு விளக்கினார்.

இப்போதே பிரித்துவிடுங்கள், பத்து நிமிடமாவது வெளிச்சம் பட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று அவர் காதருகே சொன்னேன். அவர் புன்னகையோடு விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். நான் சத்தமாகச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஆய்வாளர் திரும்பிப் பார்த்தார், நான் இருமினேன். அவர் தன் பட்டியலைப் பார்த்து, பேட்டரி விளக்குகள் உட்பட எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார்.

ஆறு வருடம் இருட்டறையில் உட்கார்ந்தவள் நான், ஆனால் அப்படி ஒரு இருட்டை அங்கேகூடப் பார்த்ததில்லை. சரக் சரக்கென்று உறைகள் உருவப்படும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. பச்சை இல்லை, மங்கல் இல்லை, நாலாம் அத்தியாயம்கூட இல்லை. எங்கேயோ ஐஸ் சரிந்து விழுந்தது. ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். இன்னொருத்தி ஓட முயன்று மேசையில் மோதினாள். விளக்கைப் போடச் சொல்லி மேலாளர் கத்தினார். சுவிட்ச் பக்கம் இருந்த ஆளுக்கும் இருட்டில் சுவிட்ச் கிடைக்கவில்லை.

அப்போது அண்ணியின் குரல் வந்தது. உயராத, அவசரப்படாத குரல். "எவளும் ஓடாத. கத்திய கீழ வையி. முன்னாடி கீறவ ஏப்ரன புடிச்சிக்கோ. காவா மூடி கால்ல படுதா? அத்தத் தடவிக்கினே வா, அது கதவாண்டதான் போவும்."

கூடத்தின் நடுவே தண்ணீர் வடிய ஒரு நீளக் காவா ஓடுகிறது, அதன்மேல் இரும்பு மூடிகள். பதினோரு வருடமாக அந்தத் தரையில் நடந்தவளுக்கு அது எங்கே போகிறதென்று கால் சொல்லும். ஒரு பெண் இன்னொருத்தியின் ஏப்ரனைப் பிடிக்க, நாற்பது பேரும் ஒரே சங்கிலியாக நகர்ந்தார்கள். நான் கடைசியாகக் கையில் அகப்பட்ட ஏப்ரனைப் பிடித்துக்கொண்டேன். என் பின்னால் யாரோ என் சட்டையைப் பிடித்திருந்தார்கள். வெளியே வெயிலுக்கு வந்ததும் திரும்பிப் பார்த்தேன், பாதுகாப்பு அதிகாரி.

ஆய்வாளர் முற்றத்தில் நின்று தலைகளை எண்ணினார். ஒருவரும் குறையவில்லை. அவர் எழுதிய குறிப்பில் இரண்டு வரிகள் இருந்தன. ஒளிரும் வழிகாட்டிகள் வேலை செய்யவில்லை என்பது ஒன்று. பணியாளர்கள் வெளியேறிய விதம் மிகச் சிறப்பு என்பது இன்னொன்று. கம்பெனியில் முதல் வரியை மட்டும்தான் எல்லோரும் படித்தார்கள். இரண்டாவது வரியில் யாரையும் தண்டிக்க முடியாதல்லவா.

குறை என்று எழுதப்பட்டுவிட்டால் அதற்கு மூல காரணம் கண்டுபிடித்துப் படிவம் அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. 'ஏன்' என்று ஐந்து முறை கேட்க வேண்டும், ஐந்தாவது பதில்தான் மூல காரணம். இரண்டு நாள் கழித்து ஏசி அறையில் விசாரணை வைத்தார்கள். மேலாளர், பாதுகாப்பு அதிகாரி, நிபுணர் என்ற பெயரில் நான், என்னைக் கண்காணிக்க அண்ணாச்சி. எதிரே ஒரு நாற்காலி இருந்தும் அண்ணி உட்காரவில்லை. வரும் வழியில் அண்ணாச்சி எனக்குச் சொன்னதெல்லாம் ஒரு விஷயம்தான். சரக்கு நல்ல சரக்கு, மூடினதால்தான் ஒளிரவில்லை, அதுக்கு மேலே ஒரு வார்த்தை நீ பேசாதே. அது பொய்யும் இல்லை என்பதுதான் கொடுமை.

பட்டைகள் ஏன் ஒளிரவில்லை? வெளிச்சம் படவில்லை. ஏன் படவில்லை? மூடியிருந்தது. ஏன் மூடியிருந்தது? வரிசைத் தலைவி மூடினார். அவர் ஏன் மூடினார்? அறியாமை. நாலு ஏன் முடிந்தபோது டீ வந்தது. டீ குடித்து முடித்ததும் அறியாமையே போதுமானதாகத் தோன்றியது, ஐந்தாவது கட்டத்தில் 'மேற்படி' என்று எழுதினார்கள். சுற்றறிக்கை போட்டது யார் என்ற பேச்சே வரவில்லை. சுற்றறிக்கை போட்டவர்தான் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

ஒழுங்குக்காக மேலாளர் ஒரே ஒரு கேள்வி அண்ணியிடம் கேட்டார். பயிற்சியில் மேடம் இதைச் சொன்னாங்களா இல்லையா? மேசையில் நாற்பது கையெழுத்து இருக்கும் வருகைத்தாள் கிடந்தது. முதல் கையெழுத்து அண்ணியுடையது.

அண்ணி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரமெல்லாம் இல்லை. "சொன்னாங்க சார். நான்தான் மறந்துட்டேன்."

பாதுகாப்பு அதிகாரி எழுதிக்கொண்டார். அண்ணாச்சி பெருமூச்சு விட்டார். நான் என் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியங்களில் முதலிடம் அந்த டீக்குத்தான். வீட்டில் நிலையான சம்பளம் என்னுடையது, அதனால் அண்ணி என்னைக் காப்பாற்றுகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் செய்த தியாகத்தை மறுப்பது மரியாதையல்ல என்றுகூட ஒரு நியாயம் தோன்றியது. படித்தவர்களுக்கு நியாயத்துக்கா பஞ்சம்?

அண்ணியின் நீலக் குல்லாயை வாங்கிக்கொண்டு வெள்ளைக் குல்லாய் கொடுத்தார்கள். மறுநாளிலிருந்து மறுபடியும் மேசை, மறுபடியும் ஐஸ். கம்பெனி தரப்பில் இரக்கம் காட்டிவிட்டதாக மேலாளர் சொன்னார், வேலையை விட்டே எடுத்திருக்கலாமாம். அண்ணாச்சிக்கோ இந்த விபத்தே ஒரு யோகமாகிவிட்டது. பட்டைகளுக்கு வெளிச்சம் ஏற்றத் தனி விளக்கு என்று ஒரு புதுச் சரக்கு கண்டுபிடித்து, அதே கம்பெனிக்கு ஓலை அனுப்பினார். அந்த ஓலையில் என் மூன்றாவது வரி கொட்டை எழுத்தில் இருந்தது.

நாலாவது நாள் மாலை நான் வீட்டுக்கு வந்தபோது அண்ணி சமையலறைத் தரையில் உட்கார்ந்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் இரண்டு கைகளையும் முக்கி வைத்திருந்தாள். விரல் நுனிகள் பழையபடி வெளுத்திருந்தன. இரண்டு விரல்களில் வெடிப்பு திறந்து, தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது. குழம்பு நான் வைக்கிறேன் என்றேன். மீன் ஆய்ந்து வைத்திருக்கிறேன், புளி மட்டும் கரை என்றாள். புளியைக் கரைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், எனக்காக நீ ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். நன்றி சொல்லும் குரலில்தான் கேட்டேன், அதுதான் இன்னும் அசிங்கம்.

அண்ணிக்கு நான் கேட்டது புரியவில்லை. "இன்னா பொய்யி?"

நான் பயிற்சியில் சொன்னதாக அங்கே சொன்னாயே, அதுதான் என்றேன்.

அவள் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். "நாப்பது நிமிசம் பேசினியே பாப்பா. அதுல எங்கியாவது சொல்லிகீறேன்னுதான் நெனச்சேன். எனக்குப் பாதி புரியல. புரியாத பக்கத்துல சொல்லிருப்ப, நான்தான் உட்டுட்டேன்னு நெனச்சேன்."

அவள் என்னைக் காப்பாற்றவே இல்லை. தியாகமும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் இவ்வளவு படித்தவள், முக்கியமானதைச் சொல்லாமல் விட்டிருப்பேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நாலு நாளாக ஐஸில் கையை வைத்துக்கொண்டு, தன் மண்டையில் ஏறாததற்குத் தன்னையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நான் சொல்லல அண்ணி" என்றேன். "ஒரு தடவகூடச் சொல்லல."

அண்ணி கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். முந்தானையில் ஒவ்வொரு விரலாக ஒற்றி எடுத்தாள். பிறகு, கடைக்குப் போய் உப்பு வாங்கி வா என்று சொல்வதுபோல, "அப்போ இத்த எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது. எழுதறானே, அவங்கிட்ட போய்ச் சொல்லு" என்றாள்.

மறுநாள் காலை லீவு சொல்லாமல் இறால் கம்பெனிக்குப் போனேன். மேலாளரும் பாதுகாப்பு அதிகாரியும் ஒரே அறையில் இருந்தார்கள். படிவம் அனுப்பியாகிவிட்டது, கோப்பை மூடியாகிவிட்டது என்றார்கள். மூடியதைத் திறக்க வேண்டுமானால் ஆய்வாளருக்கு நானே எழுதிக்கொள்கிறேன் என்றேன். பாதுகாப்பு அதிகாரி எனக்கு டீ சொன்னார். நான் உட்காரவில்லை. அண்ணிக்கு நீலக் குல்லாய் திரும்பக் கிடைக்க ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் ஒரு விரல் நுனி உணர்வில்லாமலே போய்விட்டது. அண்ணாச்சி அந்த வாரமே என்னை வேலையிலிருந்து நிறுத்தினார், நல்ல மனிதர், காரணம் கேட்கவில்லை. பயிற்சியில் மூடக் கூடாது என்று நான் சொல்லவில்லை, அதற்கு அண்ணி பொறுப்பில்லை. அன்றைக்கு அந்த அறையில் நின்று நான் சொன்னது இவ்வளவுதான். சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.